பூட்ஸ் நனையக் கூடாது

எங்கள் வீட்டில் பாதங்களுக்கு மரியாதை அதிகம். பெரியப்பா காலையில் கண் விழித்ததும் வாயில் வரும் முதல் வார்த்தை திருவடி. கோயிலுக்குப் போனால் தலையைக் குனிந்து சடாரி வாங்கிக்கொள்வோம். பெருமாளின் பாதம் நம் தலையில் படுகிறது என்று அதற்கு அர்த்தம். யாராவது இறந்துபோனால்கூட இறந்தார் என்று சொல்ல மாட்டார்கள், ஆசார்யன் திருவடி அடைந்தார் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலை ஒட்டிய தெருவில், பொழுது விடிந்தால் பொழுது போனால் பாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தில்தான், இடது பாதம் உள்பக்கமாக மடங்கிப்போய் நான் பிறந்தேன். அந்தப் பாதத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது.

பிரசவம் துறையூரில், அம்மாவின் பிறந்த வீட்டில். உள்ளங்கால் மேல்நோக்கித் திரும்பி, குதிகால் ஏறி, பாதம் ஒரு கொக்கி மாதிரி இருந்ததாம். செய்தி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்ததும் பெரியம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கிரகணத்தன்று அம்மா அரிவாள்மணையைத் தொட்டிருக்கிறாள். அம்மா தொடவில்லை என்றாள். தொடாமல் எப்படி இப்படி ஆகும் என்று கேட்டார்கள். அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. டாக்டர்களிடமும் இல்லை, சில குழந்தைகள் அப்படிப் பிறக்கின்றன, அவ்வளவுதான்.

அம்மாவின் அப்பா ஒருவர்தான் காரணம் தேடாமல் வைத்தியம் தேடினார். அந்தத் தாத்தா என்னைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு, வாரா வாரம் துறையூரிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக்கு வருவாராம். புத்தூர் ஆஸ்பத்திரியில் பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்து மாவுக்கட்டுப் போடுவார்கள். அடுத்த வாரம் அதை வெட்டி எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி, புதுக் கட்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். என் விஷயத்தில் ஐந்து வயதுவரைகூடக் காத்திருக்க முடியாது, பால் குடிக்கும்போதே வளைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

அம்மா புக்ககம் திரும்பியதும் அந்த வாரா வாரம் நின்றுபோயிற்று. வளர வளரத் தானாகச் சரியாகிவிடும், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றார் பெரியப்பா. பெருமாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாதம் பழையபடி மடங்கியது. நடை பழகியபோது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்தேன். அந்த இடத்தில் தோல் காய்ப்பு ஏறிவிட்டது. கடைசியில் தாத்தாவே துறையூரிலிருந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஆபரேஷன் ஆயிற்று. அப்பா மறுக்கவில்லை. அப்பா எதையுமே மறுக்க மாட்டார்.

கட்டுப் பிரித்தபோது பாதம் நேராக இருந்தது. அம்மா அதைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆனால் இந்த மாதிரிப் பாதத்துக்கு ஞாபகசக்தி அதிகம். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். அப்படிப் போகாமலிருக்கத்தான் பூட்ஸ். கெட்டித் தோலில், கணுக்காலுக்கு மேல்வரை வார் போட்டு இறுக்குகிற இரண்டு பூட்ஸ். இரண்டையும் சேர்த்து அடியில் ஓர் இரும்புப் பட்டை. போட்டுக்கொண்டால் இரண்டு பாதமும் வெளியே பார்த்தபடி நிற்கும், நடக்க முடியாது. தூங்குகிற நேரமெல்லாம் அது காலில் இருக்க வேண்டும். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு செருப்புக்காரரிடம் அளவு கொடுத்துத் தாத்தாதான் செய்து வாங்கிக் கொடுத்தார். ஈரம் பட்டால் தோல் விறைத்துக் காலைக் கடிக்கும், நனைய விடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

பூட்ஸ் வாசற்படிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

தோல் செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எந்த வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டிலோ பெருமாள் அறைக்கு நேர் எதிரே கூடம். அந்தக் கூடத்தில்தான் குழந்தைகள் படுப்போம். அங்கே, தளிகை சமைக்க உடுத்தும் மடித்துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே, செத்த மாட்டின் தோலைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குவதா? பெரியப்பா கோபப்படக்கூட இல்லை. நடக்காத காரியத்தைக் கேட்டவர்களைப் பார்க்கிற மாதிரி சிரித்தார். பூட்ஸ், செருப்பு விடும் மூலையில், அப்பாவின் ஆபீஸ் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர், தேர் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர். தினமும் பெருமாள் அறையில் மான் தோலை விரித்து அதன்மேல் உட்கார்ந்துதான் ஜபம் செய்வார். நான் ஒரு நாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதுவும் தோல்தானே என்று கேட்டேன்.

"மான் சுத்தம்டி கொழந்தே" என்று கையில் ஒரு கல்கண்டைக் கொடுத்தார். கல்கண்டு கிடைத்ததால் எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது.

நல்லவர் என்பதால் அவர் சும்மா இருக்கவும் இல்லை. கோயில் வாகனங்களுக்கு மராமத்துப் பார்க்கும் ஆசாரியைக் கூப்பிட்டு, பூட்ஸ் அளவுக்கே மரத்தில் ஒரு ஜோடிக் குறடு செய்யச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் மரச்சட்டம். வாருக்குத் தோலா? கூடாது. பருத்தித் துணி தீட்டு ஒட்டும் விழுப்பு, பட்டுதான் மடி. தன்னுடைய பழைய பட்டு வேஷ்டியையே கிழித்துக் கொடுத்தார். குறட்டுக்குச் சந்தனம் தொட்டுப் பெருமாளிடம் வைத்து எடுத்துக் கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. தெருவில் உள்ளவர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, ஆசாரமும் கெடாமல் வைத்தியமும் கெடாமல் என்ன யோசனை என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

பட்டு வழுக்கும். புடவை கட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம் அது. படுத்துக் கண் அசருவதற்குள் என் குதிகால் குறட்டிலிருந்து கிளம்பிவிடும். காலையில் பார்த்தால் குறடு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இறுக்கிக் கட்டினால் புண்தான் வந்தது. குழந்தை புரண்டு புரண்டு படுக்கிறாள், காலை ஆட்டுகிறாள் என்று என்னைத்தான் குறை சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல் என் கால்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த முறை புத்தூருக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். டாக்டர் என் குதிகாலைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

"பூட்ஸ் தினமும் போடறீங்களாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்லாதீங்க. குதிகால் மறுபடி ஏற ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு ஆபரேஷனை இந்தக் கால் தாங்காது. இப்ப திரும்பிடுச்சுன்னா ஆயுசுக்கும் இப்படியேதான் நடக்கணும், சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம், ஒரு தூக்கம்கூட விடாம போட்டுப் பாருங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா என் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலம் வந்ததும் வழக்கமாகத் தண்ணீரைக் காட்டுவாள். அன்று காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் செய்த காரியத்தைப் பெரியம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாள். அந்த வீட்டில் மருமகளாகக் காலடி வைத்த நாளிலிருந்து அம்மா பெரியப்பாவின் எதிரில் நின்று பேசியதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் பெரியம்மா வழியாக, இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து. அன்றைக்குக் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அப்பாவும் இருந்தார்.

எங்கள் கோயிலுக்குள் பெருமாளுடைய பழைய செருப்புகளை மாட்டி வைத்திருப்பார்கள். பெரிய பெரிய தோல் செருப்புகள். பெருமாள் போட்டுக்கொண்டு உலாவித் தேய்ந்தவை என்று ஐதீகம். சேவிக்கப் போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், பெரியப்பா உட்பட.

"பெருமாள் போட்டுக்கறதும் தோல்தானே. அதைக் கண்ணுல ஒத்திக்கறேள். கொழந்தை காலுக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்றாள் அம்மா. நிறுத்தாமல் முழுவதையும் சொல்லிவிட்டாள்.

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"பெருமாளும் இவ பொண்ணும் ஒண்ணான்னு கேளுடா."

அப்பா கேட்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பூசாரிகள், ஒருவர் பேசுகிறவர், ஒருவர் பேசாதவர். இருவரில் யார் எனக்கு அதிகக் கெடுதல் செய்தார் என்று இந்த வயதிலும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தனியாக ஒரு வீடு பார்க்கலாமா என்று அம்மா கேட்டபோது, அண்ணாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று அப்பா திருப்பிக் கேட்டாராம். துறையூருக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் வாழாவெட்டி என்று ஊர் பேசும். தாத்தாவுக்கு அப்போதே நெஞ்சுவலி கண்டிருந்தது.

வீட்டில் தோல் நுழையக்கூடிய ஒரே இடம் கொல்லை அறை. கிணற்றுக்கு அப்பால், ஓடு போட்ட சிறிய அறை. மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் அங்கே ஒதுங்கியிருந்துவிட்டு நாலாம் நாள் ஸ்நானம் செய்து உள்ளே வருவார்கள். ஏற்கெனவே தீட்டுப்பட்ட இடம் என்பதால் அங்கே எது கிடந்தாலும் யாரும் கேட்பதில்லை. என்னோடு அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேனே என்று அம்மா பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். விலக்கில்லாத சுமங்கலி வலியப் போய்த் தீட்டறையில் படுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு விலக்கு வந்தது. கொல்லை அறைக்குப் போனாள். பக்கத்துச் சந்து வழியாகப் பூட்ஸை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நாலாம் நாள் உள்ளே வரவில்லை.

நிற்கவில்லை என்றாள். ஒரு வாரம் ஆயிற்று, நிற்கவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, நிற்கவில்லை. நடுவில் ஒரு நாள் நிற்கும், ஸ்நானம் செய்யத் தண்ணீர் இழுக்கும்போதே மறுபடி வந்துவிட்டது என்பாள். நிற்கிறவரைக்கும் உள்ளே வரக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் அதைச் சொல்வதற்காகத்தான் அம்மா காத்திருந்தாள்.

எனக்கு அது வாழ்க்கையின் பொற்காலம். அதுவரை அம்மா எனக்குக் கிடைத்ததே இல்லை. அடுக்களையிலும் கிணற்றடியிலும் எல்லோருக்கும் இருந்தாள். இப்போது அம்மா எனக்கு மட்டும். பெரியம்மா எட்ட நின்று இலையில் சாதத்தை வைத்துவிட்டுப் போவாள். விளக்கு வைத்ததும் அம்மா என் காலைத் துடைத்து, துணி சுற்றி, பூட்ஸை மாட்டுவாள். குதிகால் அடியில் போய்ச் சரியாக உட்கார்ந்ததா என்று விரலை விட்டுப் பார்ப்பாள், பிறகுதான் வாரை இழுப்பாள். வலித்தால் கத்துவேன். "இன்னும் செத்த நாழிடா கண்ணா" என்பாள், செத்த நாழி என்பது விடியும்வரை. காலையில் கிணற்றடியில் எனக்கு மட்டும் தலையில் தண்ணீரை ஊற்றி வீட்டுக்குள் அனுப்புவார்கள். என் கால் கோணலானதற்குத் தண்டனையாக அம்மாவை வெளியே வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாதான் அரிவாள்மணையைத் தொட்டுவிட்டாளே, வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

இல்லாத வியாதிக்கு மருந்து வந்தது. அசோகப் பட்டையும் என்னென்னவோ வேர்களும் போட்டு இறக்கிய கஷாயம். பெரியம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு அம்மா குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். ஒரு தடவை கிண்ணத்தின் அடியில் இருந்ததை நான் நக்கிப் பார்த்தேன். அன்று முழுக்க நாக்கில் வேறு ருசியே ஏறவில்லை. அம்மா அதைத் தினமும் குடித்தாள். தினமும் வெள்ளைத் துணிகளை நனைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி கொல்லைக் கொடியில் உலர்த்தினாள். கறையே இல்லாத துணியை அம்மா எதற்கு இப்படித் துவைக்கிறாள் என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து ஊரே நெரிந்தது. கோயில் மதிலுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா சொர்க்கவாசலுக்குப் போகவில்லை. மேளச்சத்தம் கேட்கிற திசையைப் பார்த்து, கொல்லை அறை வாசலிலேயே கை கூப்பி நின்றாள். பெரியப்பாவிடம் சொன்ன பொய்யைப் பெருமாளிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லையோ என்னவோ, பிறகு ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தது பதின்மூன்று வயதில். அப்போது என்னையே அந்த அறையில் உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் தலையில் தண்ணீரை ஊற்றி உள்ளே கூப்பிட்டபோதுதான், அம்மா மட்டும் ஏன் அத்தனை மாதம் அங்கே இருந்தாள் என்ற கேள்வி எனக்கு வந்தது. கேட்டேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கால் நேரா இருக்கோல்லியோ? போய்ப் படி" என்றாள்.

கால் நேராகத்தான் இருக்கிறது. இடது கெண்டைக்கால் கொஞ்சம் சூம்பினாற்போல் இருக்கும், புடவை கட்டினால் தெரியாது. ஒரு வருஷம் முடிந்து டாக்டர் போதும் என்றதும் அம்மாவுக்கும் நின்றுவிட்டது. தன் கஷாயத்தின் மகிமை என்றாள் பெரியம்மா. என் காலைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் பெரியப்பா அந்த மரக்குறட்டை எடுத்துக் காட்டினார். அது பெருமாள் அறை அலமாரியில், பட்டு வாரோடு, சந்தனப் பொட்டோடு இன்னமும் இருக்கிறது. பூட்ஸைக் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவுக்குக் கடைசிவரை நான் ஒரே பிள்ளை. உதிரப்போக்குக் கண்டவள், வேறு எப்படி இருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை என்று அவருக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்கலாம். ஆனால் அவர் எதைத்தான் சொன்னார்?

நான் சொல்ல வந்தது துறையூரில் நடந்ததை. அதற்குத்தான் இவ்வளவும்.

கொல்லை அறை வாசம் பாதி கடந்திருக்கும். பங்குனி வெயில். காலையில் தந்தி வந்தது. தாத்தா ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார். அப்பா கொல்லைக் கதவருகே வந்து நின்று சொன்னார். அம்மா கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து ஒரு துணிப்பையில் என் பாவாடையையும் பூட்ஸையும் வைத்தாள். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, நாங்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் யாருக்கும் தீட்டுக் கிடையாது. அம்மா எல்லோரையும் போல ஒரு சீட்டில் உட்கார்ந்தாள், அவள்மேல் யார் யாரோ இடித்துக்கொண்டு நின்றார்கள்.

இறங்கியதும் மறுபடி தீட்டு வந்துவிட்டது. தாத்தா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மா தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு வண்டிக் கொட்டகைச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. நான் அவள் கையை இழுத்தேன். மாமா பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள், எனக்கு அவர்களிடம் போக வேண்டும். அம்மா நகரவில்லை.

அப்போது பெரியம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். தெருவைப் பாதி கடந்து வந்து, எட்ட நின்று, சத்தத்தைத் தணித்துக்கொண்டு பேசினாள். அவள் கண்ணிலும் ஜலம் இருந்தது.

"வாய்க்கரிசி போடணும், பொண்ணு எங்கேன்னு கேக்கறா. இன்னிக்காவது நின்னிருக்காடி? நின்னிருந்தா அந்தக் கெணத்துல ரெண்டு வாளி ஜலத்தை விட்டுண்டு வந்துடு. நான் பாத்துக்கறேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். வாசல் பந்தலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, என் காலைப் பார்த்தாள்.

"நிக்கலை மன்னி" என்றாள்.

அன்றைக்கு நின்றுவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டு, ஊருக்கு வந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "அப்பாவைப் பாக்கறதுக்குன்னு ஒரு நாள் நின்னு, மறுநாள் வந்துடுத்துன்னா, அதை நம்பறதுக்கு உங்க பெரியம்மா அசடா?" என்றாள் அம்மா.

பெரியம்மா உள்ளே போனாள். வாய்க்கரிசியை மாமிகளும் யார் யாரோ பெண்களும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தாத்தாவை வெளியே எடுத்து வந்தார்கள். தூக்கி வருகிறவர்களுக்கு வழி விட்டு அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். எங்களைக் கடக்கும்போது தாத்தாவின் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. இரண்டு கட்டை விரலையும் ஒரு துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அம்மா, தாத்தாவுக்கும் கால் சரி பண்றாளா?" என்று கேட்டேன்.

தூக்கிப் போனவர்கள் தெருக்கோடியில் திரும்பியதும் அம்மா அந்தப் புழுதியிலேயே விழுந்து சேவித்தாள். எழுந்தபோது நெற்றியெல்லாம் மண். துடைத்துவிடப் போனேன், கையைத் தள்ளிவிட்டாள்.

வீட்டைக் கழுவி விட்டார்கள். பெண்கள் எல்லோரும் ஸ்நானத்துக்குப் போனார்கள். எங்களை வண்டிக் கொட்டகையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். வைக்கோல் வாசனை. வெயிலில் நின்றதில் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. பசிக்கவும் செய்தது, யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அம்மா மடியில் சாய்ந்தேன். அவள் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். பையைத் திறந்து பூட்ஸை எடுத்தாள்.

இன்றைக்கு வேண்டாம் என்று அழுதேன். அவள் கேட்கவில்லை. காலைத் துடைத்தாள், துணி சுற்றினாள், குதிகால் உட்கார்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்தாள். வாரை இழுக்கும்போது தோலின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. விழுந்த இடம் கறுத்துப் பரவியது.

"அம்மா, பூட்ஸ் நனையறது! நனையப்படாதுன்னு நீதானே சொன்னே?"

"இல்லை, இல்லை" என்று அவசர அவசரமாகப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது. கடைசியில் நானே என் பாவாடையால் அழுத்தித் துடைத்தேன்.

எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், தாத்தா வீட்டு வாசல் திறந்துதான் கிடந்தது. பெரியம்மா வந்து கூப்பிட்டும் அம்மா போகவில்லை என்பதை நான் பார்த்திருந்தேன். அம்மாவுக்குத் தாத்தாவைப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது அவர்தானே, அந்தக் கோபமாக இருக்கும். எனக்கும் அவர்மேல் அந்தக் கோபம் இருந்ததால், அம்மா செய்தது சரி என்றே பட்டது. இரும்புப் பட்டை இடிக்காமல் காலை அவள் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.